தென்கிழக்கே போன கிண்ணம்

1956-ஆம் ஆண்டு காஜா பேராங் என்ற ஊர்ப்பகுதியில் சாரதாம்பாள் வனைந்த முதல் ஏழு கிண்ணங்களும் ஜாலான் பெண்டஹாரா தெரு இருக்கும் தென்கிழக்குப் பக்கமாகச் சாய்ந்தன. எட்டாவது கிண்ணம் அந்தத் தெருவுக்கே புறப்பட்டுப் போனது.

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட கணவர் திரும்பவில்லை. 1946-இல் தங்கை கமலவேணி, "அவரு இனி வரமாட்டாரு, பொட்ட எடுத்துரு அக்கா" என்றாள். சாரதாம்பாள் பொட்டை எடுக்கவில்லை. தங்கையோடு பேசவும் இல்லை. பத்து வருடம் தையல் மெஷினோடு போயிற்று. செங்கல் சூளைக்காரரின் மனைவியான பக்கத்து வீட்டு நூர்ஜஹான், கொல்லையில் சக்கரம் போட்டு நாலைந்து பெண்களுக்கு மண்வேலை சொல்லிக்கொடுத்தபோது இவளும் போய் உட்கார்ந்தாள்.

காற்றுக்குமிழி போக மண்ணைப் பிசைவது ஒரு வாரத்தில் கைவந்தது. அதைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதுதான் வரவில்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றிப் பார்த்தாள். சக்கரத்தையே இடம் மாற்றிப் போட்டார்கள். மண் தென்கிழக்கைத்தான் பார்த்தது.

"கைல தப்பு இல்ல சாரதா. மண்ணுக்கு அங்க யாரையோ பாக்கணும் போல" என்றாள் நூர்ஜஹான். சாரதாம்பாள் கை கழுவப் போனாள்.

சூளையில் சுட்டெடுத்த எட்டாவது கிண்ணம் ஒரு திங்கட்கிழமை காலை வாசலைத் தாண்டியது. நாளுக்கு நானூறு முழம் நகர்ந்தது. சைக்கிள்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சாரதாம்பாள் குடையோடு பின்னால் நடந்தாள். அவள் செய்தவற்றில் தண்ணீர் ஒழுகாத முதல் கிண்ணம் அது, உடைந்துவிடக் கூடாது. பதினோராம் நாள் அது ஜாலான் பெண்டஹாராவில் இருந்த கமலவேணியின் துணிக்கடைப் படியில் நின்றது. கமலவேணி கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு அக்காவின் நெற்றியைப் பார்த்தாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

"நீ சொன்னது நெசமாக்கூட இருக்கலாம். ஆனா நெத்தி என்னோடது."

"சரிக்கா. உள்ள வா, கோப்பி கலக்குறேன்."

அடுத்த வருடம் மெர்டேக்கா வந்தது, நாடு விடுதலை பெற்றது. அதற்குள் மண்ணை நடுவில் நிறுத்த சாரதாம்பாள் கற்றுக்கொண்டிருந்தாள். குவளை, ஜாடி, மூடிச் சட்டி எல்லாம் நேராகவே வந்தன. நேராக நின்றபடியே கிளம்பியும் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கூடப் போய்த் தங்கை வீட்டில் சாப்பிட்டு வந்தாள். இரண்டு சட்டிகள் லோங்காங்கில் விழுந்து உடைந்த பிறகு, சாலை வேலை பார்த்த பொன்னுதுரை அந்தச் சாக்கடைக்குக் குறுக்கே பலகை போட வந்தார்.

"ஒரு சாண் அகலம் போதுமாக்கா, பெரிய பானையும் வருமா?"

"பானை அடுத்த மாசந்தான் கத்துக்கப்போறேன்" என்றாள் சாரதாம்பாள்.

பொன்னுதுரை பலகையை அகலமாகவே அறுத்தார்.