ஒரு ஹாஜிரா

அம்மாவைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது, மோதினார் வாசலில் நின்று மவுத்தானவரின் பெயரைக் கேட்பது மரீஹாவின் காதில் விழுந்தது. பள்ளிவாசல் மைக்கில் சொல்ல வேண்டுமாம். மோதினார் ஊருக்குப் புதியவர்.

அத்தா அன்வருதீன்தான் பதில் சொன்னார்.

"ஆசிப்போட அம்மா," என்றார்.

சர்பத் கடை அன்வருதீன் பாயின் மனைவி என்றே மைக் சொன்னது. மரீஹாவின் கை கஃபன் முடிச்சிலேயே நின்றுவிட்டது.

முத்தியால்பேட்டையில் அத்தாவின் கடை. நன்னாரியும் பாதாம் பிசினும் எலுமிச்சையும் அம்மாவின் கைப்பக்குவத்தில் சேரும். போர்டு எழுத வந்தவன், என்ன சர்பத் என்று கேட்டபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் ஆசிப் அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டான். அத்தா வெட்கத்தில் இரண்டு நாள் போர்டை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வீட்டில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. 'இந்தாம்மா', 'ஆசிப் அம்மா', அவ்வளவுதான். ஆனால் கடையில் ஆள் வந்து நின்றால், பின்னறைத் திரைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்: "ஒரு ஹாஜிரா!"

போன வருடம் முழங்கால் வீங்கியபோது, கடைக்குப் போக வேண்டாம் என்று மரீஹா புகுந்த வீடான உழவர்கரையிலிருந்து வந்து சண்டை போட்டாள். அம்மா சிரித்தாள்.

"வூட்ல குந்திக்கினு இருந்தா என்னை யாருடி கூப்புடுவா? அங்க போனாத்தான் ஒங்கத்தா வாயால எம் பேரு கேக்குது."

முகம் பார்க்க அத்தாவை உள்ளே அழைத்தார்கள். மரீஹா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்புடுங்கத்தா."

அவர் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. கூடத்தில் உறவுப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"வெயில் ஏறுது. தூக்கச் சொல்லும்மா," என்றார்.

மூன்று நாள் கழித்துக் கடை திறந்தார்கள். போர்டில் 'ஸ்பெஷல் சர்பத்' என்று மாற்றிவிடலாமா என்று ஆசிப் மெதுவாகக் கேட்டதற்கு, அத்தா ஈரத்துணியை எடுத்து அந்தப் போர்டைத் துடைக்க ஆரம்பித்தார். மரீஹா திரைக்குப் பின்னால் போய் எலுமிச்சை நறுக்கினாள். அம்மாவின் முக்காலி அங்கேயே இருந்தது. அவள் அதில் உட்காரவில்லை.

பைக்கை ஓரங்கட்டிவிட்டு ஒருவர் வந்தார். விஷயம் தெரியாதவர்.

"பாய், ஒரு ஹாஜிரா."

திரையின் இடுக்கில் அத்தா இந்தப் பக்கம் திரும்புவது தெரிந்தது. பழக்கத்தில் வாய் திறந்தது. மரீஹா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. திரையைப் பார்த்து அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

அவள் கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்டு, நன்னாரி ஊற்றிக் கலக்கி, திரையை விலக்கினாள். அந்த விரல் இன்னும் இறங்கவில்லை.