ஓட்டிப் பார்த்த பெட்டிகள்

என் அண்ணனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனை அண்ணாந்து பார்த்து, "பேரிங் போயிடுச்சு, கடைக்கு அனுப்புங்க, மாத்தித் தர்றேன்" என்று சொன்ன ஆள் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை எனக்கு மானம் போனது. அந்த வீட்டுக்காரர் மறுவாரமே ஃபேனை அனுப்பியும் வைத்தார்.

அப்போது எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கடை. பஸ் நிலையத்துக்குப் போகும் சாலையில், மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில், ஷட்டரைத் தூக்கினால் நான்கு பேர் நெருக்கியடித்து நிற்கலாம். மிக்சி, அயர்ன்பாக்ஸ், ஃபேன், இவ்வளவுதான் சரக்கு. திறந்த புதிதில் ஒரு பெண்மணி வாங்கிப் போன மிக்சி முதல் சுற்றிலேயே நின்றுவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லா மேல் வைத்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது அண்ணனைக் கிழி கிழியென்று கிழித்தாள். அண்ணன் புது மிக்சி கொடுத்தனுப்பினார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் கடைக்கு ஒரு சட்டம் வந்தது: ஓட்டிப் பார்க்காமல் ஒரு சாமானும் கடைப்படி இறங்கக் கூடாது.

வாங்குகிறவர் கண்முன்னாலேயே பெட்டியைப் பிரிப்போம். அயர்ன்பாக்ஸ் சூடானதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டுவோம். டிவி வந்த பிறகு, திரை முழுக்க வெள்ளையாக்கி, மூலைமூலையாக விரல் வைத்து, கறுப்புப் புள்ளி இல்லை என்று காட்டுவோம். "உங்க கண்ணு, உங்க சாமான். நல்லாப் பாத்துக்குங்க" என்பார் அண்ணன். ஜனங்களுக்கு அது பிடித்துப் போயிற்று. கடைப் பெயரைச் சொல்லாமல் "ஓட்டிக் காட்டற கடை" என்றே சொன்னார்கள். இரண்டாவது கடை வந்தது, பக்கத்து ஊரில் மூன்றாவது வந்தது, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம். கண்ணாடிக் கதவும், உள்ளே நுழைந்தால் உடம்பு சிலிர்க்கும் ஏசியும், ஒரே நிறச் சட்டை போட்ட பையன்களுமாக ஊருக்கு ஊர் எங்கள் பலகை எரிந்தது.

கூட்டம் பெருகியதும் ஒவ்வொருவர் முன்னாலும் பெட்டி பிரித்துக் காட்ட நேரமில்லை. கடைப் பையன்கள் கெஞ்சினார்கள். சட்டத்தைத் தளர்த்துவார் என்று பார்த்தால், அண்ணன் அதை இன்னும் இறுக்கினார். சரக்கு கடைக்குப் போவதற்கு முன், கிடங்கிலேயே எல்லாவற்றையும் பிரித்து ஓட்டிப் பார்த்து, திரும்பக் கட்டி அனுப்ப வேண்டும். அதற்கென்று கிடங்கில் ஒரு கூடம் கட்டி, வரிசையாகப் பெண்களை வேலைக்கு வைத்து, அத்தனை பேரையும் என் தலையில் கட்டினார். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் கேட்பவர்களிடம் அந்தக் கூடத்தைக் காட்டுவேன்.

வேலை லேசுப்பட்டதில்லை. லாரியில் படுத்து வந்த ஃப்ரிட்ஜை நிமிர்த்தி வைத்து, அரை நாளாவது விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். வாஷிங் மெஷினில் தண்ணீர் விட்டு ஓட்டினால், பிறகு டிரம்மை ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தாக வேண்டும். தெர்மாகோலை எடுத்த வரிசையிலேயே திரும்ப வைக்காவிட்டால் பெட்டி மூடாது. பார்த்து முடித்தவள் தன் பெயரின் முதலெழுத்தை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி உள்ளே ஒட்டுவாள். மேலே எங்கள் கடைப் பெயர் போட்ட மஞ்சள் டேப் வரும். கம்பெனி சீலைவிட அந்த மஞ்சள் டேப்பைத்தான் ஜனங்கள் தேடிப் பார்த்து வாங்கினார்கள். கம்பெனிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவ்வளவு விற்கிறவனிடம் யார் வாயைத் திறப்பார்கள்?

திறந்தது அண்ணன் மகன்தான், என் மருமகன். அம்மா இல்லாமல் என் கையில் வளர்ந்த பிள்ளை. படிப்பை முடித்துவிட்டு வந்து கொள்முதலைப் பார்த்துக்கொண்டான்.

"அப்பா, கம்பெனி சீலை உடைச்சா அப்புறம் அது நம்ம சரக்கு. விக்கலைன்னா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

"விக்காத சரக்கை நீ ஏன்டா வாங்கறே?" என்று அண்ணன் சிரித்தார்.

"இப்ப வர்றவங்க டேப்பைப் பாத்துட்டு, யாரோ திருப்பிக் கொடுத்த பழசான்னு கேக்கறாங்கப்பா. கொஞ்சத்தையாவது பிரிக்காம வைப்போம்."

நானும் அதையே சொன்னேன். பெரிய சாமான்களை மட்டுமாவது விட்டுவிடலாம் என்றேன். அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நேத்து வந்தவன் என் கடையை எனக்கே சொல்லித் தர்றியா? பிடிக்கலைன்னா போய் வேற வேலை பாரு" என்று அத்தனை வேலையாட்கள் முன்னாலும் கத்தினார். ரோஷத்தில் அவன் மட்டும் குறைந்தவனா? போய்விட்டான். வேறு ஊரில் யாருக்கோ கணக்கு பார்த்தான்.

அதன் பிறகு வியாபாரம் சரிந்தது. ஒரே தெருவில் இரண்டு கடை திறந்தது, பேங்கில் கடன் வாங்கித் திறந்தது, எல்லாம் சேர்ந்துதான் சரிந்தது. டேப்பை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஜனங்கள் எங்கள் ஏசியில் நின்று, எங்கள் பையன்களைப் பேசவைத்து, எல்லாவற்றையும் தொட்டுத் திருகிப் பார்த்துவிட்டு, எங்கள் சோபாவில் உட்கார்ந்தே போனில் வேறு எவனிடமோ ஆர்டர் போட்டார்கள். கடைசியாக வந்த கடைகள் முதலில் மூடின. பையன்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலர் அழுதார்கள். அண்ணன் ஒவ்வொரு கடைக்கும் போய் ஷட்டரைத் தானே இறக்கினார். எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எல்லாம் போன பின்னும் ஒரு வழி இருந்தது. கிடங்கில் பாதி, ஒரே கம்பெனியின் சரக்கு. அதைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொண்டு பணம் தந்தால், அதைக் கடனில் கழித்துக்கொண்டு பஸ் நிலையச் சாலைக் கடையை மட்டும் எங்களுக்கு விட்டுவிடுவதாக பேங்க் ஒப்புக்கொண்டது. கம்பெனி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: சீல் உடைக்காத பெட்டிதான் வேண்டும்.

நான் மருமகனுக்கு போன் செய்தேன். அன்றே கிளம்பி வந்தான். அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவன், "அந்தக் கடை நின்னா நானும் இங்கேயே நின்னுடறேன்ப்பா. ரெண்டு பேரும் பாத்துக்கலாம்" என்றான். அண்ணன் எழுந்து முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை.

கம்பெனியின் ஏரியா மேனேஜர் எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவர். "மேலே சீல் இருந்தாப் போதும். உள்ளே யாரும் பாக்க மாட்டாங்க" என்று சொல்லி, கம்பெனி சீல் சுருள்களை ஒரு பையில் போட்டு மருமகனிடம் கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. சரக்கு பழுதில்லாத சரக்கு, யாரையும் ஏமாற்றவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலையை விட்டு நின்றுபோன பெண்களைக் கூப்பிட்டேன். வந்தார்கள், அதுவும் சம்பளம் கேட்காமல். தலைமுடி உலர்த்தும் மெஷினால் மஞ்சள் டேப்பைச் சூடாக்கி, அட்டை கிழியாமல் மெல்ல உரித்தோம். உள்ளே கைவிட்டுப் பெயரெழுத்து ஸ்டிக்கரைப் பிய்த்தோம். டேப் இருந்த இடத்தில் கம்பெனி சீலை ஒட்டினோம். "பாருங்கக்கா, என் பேரை நானே கிழிச்சுப் போடறேன்" என்று ஒருத்தி சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அண்ணன் வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு அவங்க வர்றப்ப நீ வாயைத் திறக்காதே, அண்ணா. ஊம்னுகூடச் சொல்லாதே" என்றேன்.

"சரி பாப்பா" என்றார். ஐம்பது தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான்.

மறுநாள் மேனேஜரோடு தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரியும் வந்தாள். மரியாதையான பெண். வரிசை வரிசையாக நடந்து, பெட்டிகளை எண்ணி, சீல்களைத் தடவிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் சுவரோரம் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி, பேனாவைத் திறந்துவிட்டாள். நொடித்துப் போன மனிதரிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு ஃப்ரிட்ஜ் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க சார். ஒரு பெட்டியைக்கூட யாரும் திறக்கவே இல்லை போல" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"திறக்கலையா? யாரும்மா சொன்னது? ஒண்ணு விடாம பிரிச்சு ஓட்டிப் பாத்திருக்கோம். இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் பாத்தாங்க. இது என் தங்கச்சி, இவதான் எல்லாத்துக்கும் பொறுப்பு. எந்தப் பெட்டியை வேணும்னாலும் எடுத்துப் போடுங்க. ஒண்ணாவது ஓடலைன்னா என்னை என்னன்னு கேளுங்க."

மேனேஜர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்த அதிகாரிப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. "நீங்க சொன்னதைக் கேக்காத மாதிரி என்னால இருக்க முடியாது சார்" என்று மெதுவாகச் சொன்னாள். பேனாவை மூடினாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மருமகன் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் போனபின் பெண்களை நானே வீட்டுக்கு அனுப்பினேன். கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் அண்ணனிடம் போனேன்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு நாள், ஒரே ஒரு நாள் பேசாம இருக்க முடியாதா உன்னால?"

"நீ தலையை ஆட்டினே, பாப்பா."

"ஆட்டினேன். அதுக்கென்ன?"

"உன் வயசெல்லாம் இந்தக் கூடத்திலதான் போச்சு. அந்த வேலையை நடக்கவே இல்லைன்னு நீயே தலையாட்டறே. அந்தப் பொண்ணுங்களும் குனிஞ்சுட்டு நிக்குதுங்க. எனக்குப் பொறுக்கல."

"யாரு உன்னைப் பொறுக்கச் சொன்னா? என் வேலைக்குப் பேரு வாங்கிக் குடுன்னு உன்கிட்ட வந்து கேட்டேனா? ஆயிரம் தடவை ஆட்டுவேன். உன் கடை நிக்கணும்னுதானே ஆட்டினேன்!"

"தெரியும். எனக்காக ஆட்டினேன்னு தெரியும். அதான் பொறுக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடிக்கக் கை ஓங்கினேன், அண்ணன் என்றும் பார்க்காமல். அவர் நகரவில்லை. கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மருமகன் எழுந்து பக்கத்தில் வந்திருந்தான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத்தைக்காகச் சொன்னீங்க. சரிப்பா. கடை நின்னா நானும் நிக்கிறேன்னு சொல்லியிருந்தேனே, அது அப்ப ஞாபகம் இருந்துதா?"

மறந்துட்டேன்டா என்று சொல்லியிருக்கலாம். வயதானவர், பதற்றத்தில் இருந்தவர். அவனும் நம்பியிருப்பான், நானும் நம்பியிருப்பேன். அந்த ஒரு பொய்யாவது சொல்லித் தொலையக் கூடாதா?

"இருந்துது" என்றார் அண்ணன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்தான். சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். "உங்க மேல கோபம் இல்ல அத்தை" என்றான். அவன் வளர்ந்ததெல்லாம் என் கையில். அவனை அனுப்பிவிட்டு என் பேரைக் காப்பாற்றியிருக்கிறார் அண்ணன். அதை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால், "இவதான் எல்லாத்துக்கும் பொறுப்பு" என்று அத்தனை பேர் முன்னால் அவர் கையை நீட்டியபோது ஒரு கணம் எனக்குள் சந்தோஷம் வந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன் என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் முன்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போனானா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.