எங்கள் அணியை ஏற்றிப்போன பேருந்து

அந்த நகரத்தின் பெயரை நான் இன்றும் வாயால் சொல்வதில்லை. கடலோரத்தில் இருக்கிறது, கப்பல் கட்டுகிறார்கள், அவ்வளவு போதும்.

1954 அக்டோபரில், ஒன்பது ஆட்டங்கள் முடிந்தபோது, நாட்டின் கால்பந்து முதல் பிரிவில் முதல் இடத்தில் இருந்தது எங்கள் அணி. ஹார்ட்பாக் என்ற மலையடி ஊரின் அணி. ஊரில் ஏழாயிரம் பேர்தான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருகிறவர்கள் பன்னிரண்டாயிரம். அந்த மைதானத்தை யாரும் எங்களுக்குக் கட்டிக் கொடுக்கவில்லை. போர் முடிந்த மறுவருடம், பசியோடு, சரிவில் பாறையை உடைத்துச் சமன் செய்தோம். எனாமல் பாத்திரத் தொழிற்சாலையின் சூளைக் கசடைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினோம். அந்த வண்டியை நானும் தள்ளியிருக்கிறேன். என் தம்பி சீக்மார் அப்போது போர்க்கைதி முகாமிலிருந்து நாற்பத்தெட்டு கிலோ எடையோடு திரும்பியிருந்தான். என் பங்கு ரொட்டியைத் தின்று தேறி, அந்த மைதானத்தில் ஓடித்தான் மனிதனானான். பிறகு அணியின் இடது ஓர ஆட்டக்காரனானான். அவன் பந்தோடு ஓரத்தில் கிளம்பினால் மைதானமே எழுந்து நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் எல்லோரையும் தொழிற்சாலை உணவுக்கூடத்துக்கு வரச்சொன்னார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு தோழர் வந்திருந்தார். பெயர் ப்ரூக்னர். தோல் கோட்டைக் கழற்றவே இல்லை.

"தோழர்களே, நம்ம மாவட்டத்துல மட்டும் முதல் பிரிவுல மூணு அணி இருக்கு," என்றார். "கடற்கரையில ஒண்ணுகூட இல்ல. அங்க கப்பல் கட்டுற தொழிலாளிங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. ஞாயித்துக்கிழமை அவங்க என்ன பண்ணுவாங்க? அதனால ஹார்ட்பாக் அணி அங்க போகுது. வர்ற வியாழக்கிழமை. இனிமே அங்கத்த பேர்ல ஆடும்."

எனாமல் முக்கும் பிரிவின் தலைவி இர்ம்கார்ட்தான் முதலில் எழுந்தாள். கை முழங்கை வரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"அங்க இருக்கிறவங்க தொழிலாளிங்க. சரி. அப்ப நாங்க யாரு, தோழர்? ஆட்டு மந்தையா?"

சிலர் சிரித்தார்கள். ப்ரூக்னர் சிரிக்கவில்லை.

"விளையாட்டு மக்களோட சொத்து. ஒரு ஊரோட சொத்து இல்ல."

"மைதானத்தையும் தூக்கிட்டுப் போறீங்களா? கல்லெல்லாம் நாங்க உடைச்சது. எண்ணித் தர்றோம்."

"யாரையும் கட்டாயப்படுத்தல," என்று அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஆட்டக்காரங்க தாங்களே விருப்பப்பட்டு கையெழுத்துப் போட்டிருக்காங்க. செப்டம்பர் மாசமே." பெயர்களைப் படித்தார். முதல் பெயர் சீக்மார் ஊலிக்.

கூடத்தில் இருந்த முகமெல்லாம் என் பக்கம் திரும்பியது. இர்ம்கார்ட் என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டாள். தெரியாது என்று தலையாட்டினேன். அவள் நம்பினாளா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவன் மேசையில் உட்கார்ந்து வேகவைத்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தயிர்க்கட்டியும் ஆளிவிதை எண்ணெயும். என் பங்கையும் உரித்து வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் நான் உட்காரவில்லை.

"மூணு வாரமாடா," என்றேன். "மூணு வாரமா இதே மேசைல உட்கார்ந்து எங்கூட சாப்பிட்டிருக்க."

கத்தியைக் கீழே வைத்தான். "அக்கா, சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? பேருந்துல ஏறுறப்பவா?"

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். அதான் சொல்லல. அதான் நீ திருடன் மாதிரி கையெழுத்துப் போட்ட."

அவன் முகம் சிவந்தது. "திருடனா? எம் பொண்டாட்டி முழுகாம இருக்கா. அவ அம்மா வீட்டுல ஒரே அறையில நாலு பேரு. அங்க எங்களுக்கு ரெண்டு அறை வீடு. உள்ளயே குளியலறை, சுடுதண்ணி. மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? போன வருஷம் ஜூன் மாசம் நடந்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அந்த ஜூனில், வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கிய தொழிலாளர்களை அடக்க, மாவட்டத் தலைநகரத்துத் தெருவில் டாங்கிகள் நின்றதை நானே பார்த்தேன். அவன் பயந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பயந்துபோய் என்னிடம் வந்து அழுதிருந்தால் நானே மூட்டை கட்டிக் கொடுத்திருப்பேன். ஆனால் அவன் குரலில் சுடுதண்ணீர்தான் முதலில் வந்தது, டாங்கி பிறகுதான் வந்தது. அதை நான் கவனித்தேன். இன்றுவரை அது என் காதை விட்டுப் போகவில்லை.

"சாப்பிடு," என்றான்.

தட்டை எடுத்துப்போய் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொட்டினேன்.

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பேருந்து கிளம்புவதாக இருந்தது. பன்னிரண்டரைக்கு, வேலைநேரம் முடியாமலேயே, தொழிற்சாலைச் சங்கு ஊதியது. யார் ஊதினார்கள் என்று பிறகு எத்தனையோ முறை கேட்டார்கள். எனக்குத் தெரியும், சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். முந்நூறு பேர் வேலை உடையோடு வெளியே வந்தோம். பெரும்பாலும் பெண்கள். ஊரை விட்டுப் போக ஆற்றுப்பாலம் ஒன்றுதான் வழி. போய் அதன்மேல் உட்கார்ந்தோம். தூறிக்கொண்டிருந்தது. கல்லின் குளிர் சில்லென்று தொடையில் ஏறியது.

பேருந்து வந்து பத்தடி தள்ளி நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார். பின்னால் வந்த காரிலிருந்து ப்ரூக்னர் இறங்கினார்.

"இது நாசவேலை. புரியுதா உங்களுக்கு?"

"இது உட்கார்ற வேலை," என்றாள் இர்ம்கார்ட். "நாள் முழுக்க நின்னு வேலை பாக்குறோம், தோழர். கொஞ்சம் உட்காரக்கூடாதா?"

நான் எழுந்து நேராகப் பேருந்துக்குள் ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. ஆட்டக்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். சீக்மார் கடைசி வரிசையில் ஜன்னலோரம். நான் அவனைப் பார்க்க ஏறவில்லை. மேலே பலகையில் இருந்த துணி மூட்டையை இழுத்தேன். பதினொரு நீலச் சட்டைகள். பதினொன்றும் நான் தைத்தவை. தொழிற்சாலைப் பெண்கள் தங்கள் துணி ரேஷன் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்து வாங்கிய துணி.

"ஆளுங்கள எடுத்துட்டுப் போங்க," என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். "சட்டை எங்களோடது."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாவம் என்று சொல்லத் தோன்றவில்லை எனக்கு.

கோல்காவலர் ஒட்டோமார் மேனெர்ட் அப்போது எழுந்தார். முப்பத்தாறு வயது, சூளைக்காரர், அதிகம் பேசாத மனுஷன். தன் பெட்டியை எடுத்துக்கொண்டார். "நான் கையெழுத்துப் போடல," என்றார். "எனக்குப் பதிலா வேற யாரோ போட்டிருக்காங்க. என் பேரயே தப்பா எழுதியிருக்கான்." என் பின்னாலேயே இறங்கிவந்து, பாலத்தில் பெண்களுக்கு நடுவில் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அவர்கள் அவருக்காக நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அதைப் பார்த்துத்தான் சீக்மாரும் இறங்கினான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவனும் உட்காரப் போகிறான் என்று நினைத்துவிட்டேன். அவன் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, வீட்டுக்குப் போ. எல்லார் முன்னாலயும் என் மானத்த வாங்காத."

அறைந்தேன். முழு ஊரும் பார்க்க, முழுக் கையால். அவன் கன்னத்தில் கை வைக்கவில்லை. திரும்பிப் போய் ஏறிக்கொண்டான்.

இரண்டரை மணிக்கு இரண்டு லாரி நிறையப் போலீஸ் வந்தது. எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். இர்ம்கார்டைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். "மெல்லடா, இடுப்பு வலி எனக்கு," என்று அவள் அவர்களை அதட்டிக்கொண்டே போனாள். பாலம் காலியானதும் பேருந்து போனது. நாங்கள் யாரும் கையசைக்கவில்லை.

அன்று மாலையே என் வீட்டைச் சோதனை போட்டார்கள். அடுப்பைக் கிளறினார்கள், மெத்தையைக் கிழித்தார்கள், நிலக்கரிக் கூடையைக் கவிழ்த்தார்கள். அரசாங்கச் சொத்தான சட்டைகள் எங்கே என்று கேட்டார்கள். சட்டைகள் பதினொரு பெண்களின் வேலை அங்கிக்கு அடியில் இருந்தன. மறுநாள் விசாரிக்கக் கூப்பிட்ட மூன்று பேர் அவற்றைப் போட்டுக்கொண்டே போய் பதில் சொல்லிவிட்டு வந்தார்கள்.

இர்ம்கார்டைத் தலைவி பதவியிலிருந்து இறக்கிக் கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். ஒட்டோமாருக்கு இரண்டு வருடம் எந்த அணியிலும் ஆடத் தடை. எனக்கு ஒரு கோப்பு திறந்தார்கள். எங்கள் ஊர் மாவட்டத்தின் கடைசிப் பிரிவில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. முதல் ஆட்டம் ஒரு கூட்டுப்பண்ணை அணியோடு. எங்கள் பக்கம் பள்ளி ஆசிரியர் ஒருவர், இரண்டு தபால்காரர்கள், மிச்சம் இளவட்டங்கள். நான்காயிரம் பேர் பார்க்க வந்தோம். ஆறு கோல் வாங்கித் தோற்றோம். ஜெயித்த பண்ணைக்காரர்கள்தான் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோயிருந்தார்கள்.

சீக்மார் நன்றாகவே இருந்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். கெட்டுப்போவான் என்று காத்திருந்தேன், கெட்டுப்போகவில்லை. வானொலியில் அவன் பெயர் வரும்போதெல்லாம் திருகி அணைப்பேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடுவேன், கோல் அடித்தானா என்று கேட்க. அதற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வரும். புகைபோட்ட மீன் அனுப்பினான். பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். பெண் குழந்தை பிறந்ததாக எழுதினான். பதில் எழுதவில்லை.

ஐம்பத்தாறு கோடையில் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து வாசலில் நின்றான், தோளில் குழந்தையோடு. குழந்தையை வாங்கிக்கொண்டேன். அதன் மேல் எனக்கென்ன கோபம்.

"இன்னும் கோவமாக்கா?" என்றான்.

"ஆமா."

"எத்தன நாளைக்கு?"

"நீ கேக்குறதுக்கு இல்ல அது."

அன்று மதியம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வாரம், உருளைக்கிழங்கு, சுடுதண்ணீர், எல்லாம். கடைசியில், "அங்க ஜனங்க நல்லவங்கதான்," என்றான். "ஆனா நான் ஓடுறப்ப யாரும் எழுந்து நிக்கிறதில்லக்கா." அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வரவில்லை. நிற்கவேண்டிய பன்னிரண்டாயிரம் பேரை இங்கே விட்டுப் போனவன் அவன்தானே.

மறுநாள் ஞாயிறு. மரம் வெட்டுகிறவர்களின் அணியோடு எங்களுக்கு ஆட்டம். தடை அந்த இலையுதிர்காலம்வரை இருந்தபடியால் ஒட்டோமார் கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று இளைய கோல்காவலருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். சீக்மார் வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வந்தான். தெரிந்தவர்கள் அவனைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். சரிவின் நடுவில், சுற்றிலும் இடம் காலியாக, தனியாக நின்றான்.

பின்னாலிருந்து இர்ம்கார்டின் குரல் கேட்டது.

"டேய், தள்ளி நில்லு. எனக்கு மறைக்குது."

அவன் தள்ளி நின்றான்.