மூத்தவளின் சம்மதம்

திருச்செங்கோட்டு மலை உச்சியில் ஒரு பெரிய கல் நிற்கிறது. வறடிக்கல் என்று பேர். பிள்ளையில்லாத பெண்கள் அதைச் சுற்றி வந்தால் வயிறு திறக்கும் என்பார்கள். ஒரு பக்கம் கால் வைக்கவே இடம் போதாது. கீழே பார்த்தால் தலை சுற்றும். பிள்ளையில்லாத ஆண்கள் சுற்றுவதற்கென்று ஒரு கல் எந்த ஊரிலும் இல்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் ஆத்தாயி தன் மருமகள் சென்னியம்மாளை அந்தக் கல்லுக்கு அனுப்பினாள். மகன் அர்த்தநாரிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஓடியிருந்தது. பிள்ளை பெற்றவள் துணைக்குப் போனால் ராசி என்று தூரத்துச் சொந்தமான சின்னாயியையும் கூட அனுப்பினாள். சின்னாயியின் புருஷன் நாச்சிமுத்து ஆத்தாயி வீட்டுத் தோட்டத்தில் கமலை ஓட்டி நீர் பாய்ச்சுகிறவன். சொந்தக்காரன்தான், ஆனால் காணி நிலமில்லாதவன்.

சென்னியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக் கல்லில் கை வைத்ததும் சின்னாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தாதீங்க அக்கா. உழுந்து செத்துப்போனீங்கன்னா அந்தப் பாவம் எனக்குத்தான். கொறை உங்க மேல இல்லீங்க."

"பின்ன யாரு மேல புள்ள?"

சின்னாயி சுற்றி வளைக்காமல் சொன்னாள். அர்த்தநாரியும் நாச்சிமுத்துவும் கிணற்றுமேட்டுச் சாளைக் குடிசையில் படுப்பது பயிர்க் காவலுக்காக இல்லை. மத்தியானம் கஞ்சி கொண்டுபோன ஒரு நாள் அவளே கண்ணால் பார்த்துவிட்டாள்.

"புருசன் பொஞ்சாதியாட்டங்க அக்கா. நம்ம கலியாணத்துக்கு முந்தியே இருக்குதாட்டம் இருக்குது."

"உனக்கு ரெண்டு புள்ளைக இருக்குதே?"

"ஊருக்காகப் பெத்ததுங்க. சின்னவன் பொறந்ததுலிருந்து எம்பக்கம் திரும்பறதில்ல."

சென்னியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. நாலு வருஷமாகக் கண்ணாடியில் தேடித் தேடித் தன் முகத்தில் கண்டுபிடித்த குற்றமெல்லாம் நினைவுக்கு வந்தது. நெற்றி மேடு, பல் எடுப்பு, கறுப்பு. எவ்வளவு மஞ்சள் அரைத்துப் பூசியிருப்பாள்! அர்த்தநாரி அவளை ஒரு நாளும் வைததில்லை, அடித்ததில்லை. சந்தைக்குப் போனால் பூ வாங்கி வந்து கையில் கொடுப்பான். கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவான். வாய்விட்டுத் திட்டக்கூட வழி வைக்காத மனுஷன். அவள் அந்தக் கல்லிலேயே சாய்ந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சின்னாயியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, சுற்றியாகிவிட்டது என்று ஆத்தாயியிடம் சொன்னார்கள்.

அன்றிலிருந்து பருத்திக்காட்டில் களை வெட்டப் போனால் இருவரும் அடுத்தடுத்த வரிசை பிடித்தார்கள். யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு காது கிடைத்ததே, அதுவே சென்னியம்மாளுக்குப் பெரிய சொத்தாக இருந்தது. மார்கழி வரை அவள் நன்றாகத் தூங்கினாள்.

மார்கழியில் ஆத்தாயி பேச்சை எடுத்தாள். கல்லும் கைவிட்டுவிட்டது, தையில் அர்த்தநாரிக்கு இரண்டாம் தாரம் கட்டியே ஆகவேண்டும். பெண் வேறு யாருமில்லை, சென்னியம்மாளின் தங்கை வசந்தாமணி. இரண்டாம் தாரம் கூடாதென்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. ஆத்தாயி வீட்டு வாசலுக்கு அது வந்து சேரவில்லை.

"எந்தலையோட போவட்டும்னு கெடந்தேன்" என்றாள் சென்னியம்மாள், களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு. "அந்தப் புள்ளையுமா? எங்கம்மாகிட்டச் சொல்லிப்போடறேன். ஆனா வெளிய தெரிஞ்சா உன்ற புருசனைத்தான் மொதல்ல வெட்டுவாங்க. எங்கூட்டுக்காரருக்குப் பங்காளிக இருக்கறாங்க. உங்களுக்கு யாரு இருக்கறாங்க?"

சின்னாயி பயப்பட்டாள், பயப்படாமல் என்ன செய்வாள்?

"சொல்லுங்க அக்கா" என்றாள் கடைசியில். "நாம ரெண்டு பேரு போதும்."

சென்னியம்மாள் தாய்வீடு போனாள். தாய் பொன்னாத்தாள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"மாப்பிள்ளை அடிக்கறாரா?"

"இல்ல."

"குடிக்கறாரா?"

"இல்லீம்மா."

"அப்படீன்னா வசந்தாமணிதான் போவோணும்" என்றாள் பொன்னாத்தாள். "வேத்தூர்க்காரி வந்தான்னா இதை ஊரு பூரா சொல்லிப்போடுவா. உம்மானமும் போவும், எங்க மானமும் போவும். கூடப் பொறந்தவன்னா வாயை மூடிட்டுக் கெடப்பா. இத்தனை நாளு நீ கெடக்கல?"

தங்கையைக் காப்பாற்றச் சொன்ன சொல்லே அவளை இழுத்துக் கொண்டுபோய்க் கிணற்றில் தள்ளிவிட்டது. வேண்டாம் என்று மறுக்கும்படி அர்த்தநாரியிடமே போய்க் கெஞ்சினாள் சென்னியம்மாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "எங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றான். பாவம்தான். ஆனால் அந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் காப்பாற்ற முடியுமா?

மூத்தவள் உயிரோடு இருக்கும்போது இளையவளைக் கட்டினால், மூத்தவள் தன் கையால் கூறைப்புடவையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வகையறாவின் வழக்கம். நிச்சயத்தன்று வாசல் நிறையச் சனம். வசந்தாமணி தலை நிறையப் பூவோடு அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அக்காவோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம் என்ற சந்தோஷம் அவளுக்கு.

"எடுத்துக் குடு சாமி" என்றார் பெரியவர் தண்டாயுதபாணி.

சென்னியம்மாள் தட்டைத் தொடவில்லை. "நான் குடுக்க மாட்டனுங்க."

"ஏன்?"

அர்த்தநாரி வெளிறிப்போய் நின்றான். மாட்டுக் கட்டுத்தரையோரம் நாச்சிமுத்து தூணைப் பிடித்துக்கொண்டான். பெண்கள் கூட்டத்திலிருந்து சின்னாயி வந்து சென்னியம்மாளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எனக்குப் பொறுக்கலீங்க" என்றாள் சென்னியம்மாள். "நான் வாழாத ஊட்டுல அவ வாழறதை எங்கண்ணு பொறுக்காது. அவ்வளவுதானுங்க."

அப்பன் அடித்த அடியில் வாயோரம் கிழிந்தது. அவள் தட்டைத் தொடவில்லை. பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார்கள். வசந்தாமணி தலையிலிருந்த பூவைப் பிய்த்து அக்காவின் முகத்தில் எறிந்தாள். "வறடி! நீயும் வாழாம என்னையும் வாழ உட மாட்டியா?"

தாய்வீடு கதவைச் சாத்திவிட்டது. ஆத்தாயி விரட்டப் பார்த்தபோது அர்த்தநாரி முதல் தடவையாக வாய் திறந்தான். "அவ இங்கியே இருக்கட்டும்." அந்த வாய் ஒரு மாதம் முந்தித் திறந்திருக்கலாம். பின்கட்டுக் கொட்டகையில் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள் சென்னியம்மாள். பொறாமைக்காரி என்ற பேர் ராசிபுரம் வரை போயிற்று. நல்ல காரியத்துக்கு யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

வசந்தாமணியை வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மறுவருஷம் பெண் குழந்தை. சென்னியம்மாளின் கண் பட்டுவிடக் கூடாதென்று சேதிகூடச் சொல்லவில்லை. சின்னாயிதான் சொந்தக்காரி என்ற முறையில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

கொட்டகையில் அவள் வந்து உட்கார்ந்ததும் சென்னியம்மாள் குழந்தை கறுப்பா சிவப்பா என்று கேட்கவில்லை. தங்கை தன்னை விசாரித்தாளா என்றும் கேட்கவில்லை.

"அவ ஊட்டுக்காரன் எங்க படுக்கறான் புள்ள?"

"ஊட்டுலதானுங்க அக்கா" என்றாள் சின்னாயி. "அவகூடத்தான்."

சென்னியம்மாள் திரும்பி உட்கார்ந்து அடுப்பை ஊதினாள். புகை இல்லாத அடுப்பை வெகுநேரம் ஊதினாள்.