சைலஸ் வேன் பீடமேறிய கதை

ஹவில்தார் சைலஸ் உயிரோடு இருந்தவரை அவரை யாரும் மாவீரன் என்று சொன்னதில்லை. "வேன்காரர்" என்றுதான் சொன்னார்கள். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று, தங்கச் சுரங்க ஊரான நந்திதுர்க்குக்குத் திரும்பியதும் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்ட்ரெச்சரும் ஆக்சிஜன் சிலிண்டரும் வைத்தார். சுரங்கத்துத் தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வந்த பெரியவர்களுக்கு மூச்சுத் திணறினால் அந்த வேன்தான் கதி. யாரிடமும் காலணா வாங்கியதில்லை.

அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. இப்போது வேனை ஓட்டுவது மகள் லவினா. வீட்டிலேயே தையல் தைக்கிறாள். யாராவது வந்து கதவைத் தட்டினால் ரவிக்கையின் கை பாதி தைத்தபடி கிடக்க, சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேனுக்கு 'மாவீரன் சைலஸ் நினைவு கமிட்டி' உருவில் சனி பிடித்தது. அது ரயிலில் பிறந்த கமிட்டி. காலையில் பெங்களூருக்கு இரண்டு மணி நேரம், சாயங்காலம் திரும்ப இரண்டு மணி நேரம் என்று ஒரே பெட்டியில், ஒரே சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்கள் சீட்டாட்டம் சலித்துப்போனால் வேறு என்னதான் செய்வார்கள்? கமிட்டித் தலைவர் டைட்டஸ், பெங்களூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பங்காருபேட்டை தாண்டுவதற்குள் சிலை வைப்பதென்று முடிவானது. ஒயிட்ஃபீல்டு வந்தபோது, சிலைக்குக் கட்டுப்படியாகாது என்பதும் முடிவானது. பட்டாளத்தில் ஒரு பழைய டாங்கி கேட்டு எழுதினார்கள், பதில் வரவில்லை. கடைசியில் எல்லோருடைய கண்ணும் வேன் மேல் விழுந்தது.

"லவினா, மிலிட்டரி ஏரியாவுல டாங்கிய தூக்கி மேல வச்சிக்கிறாங்க இல்ல, அந்த மாதிரிமா. ஊருக்கே பெருமை" என்றார் டைட்டஸ்.

"அது ஓடாத டாங்கி அண்ணா. இது ஓடுற வண்டி. சௌந்தரராஜன் மாமாவுக்கு வாரத்துக்கு ரெண்டு வாட்டி மூச்சு இழுக்குது. அவர இன்னாத்துல இட்னு போறது?"

"இன்னாமா நீ! விழாவுக்கு வர்ற கட்சித் தலைவரு மேடையிலயே புது ஆம்புலன்ஸ் அனௌன்ஸ் பண்றாரு. ஏசி வச்சது. நான் பேசி முடிச்சிட்டேன்."

லவினாவுக்கு ஆசை வந்துவிட்டது. அதை மறைப்பதற்கில்லை. வேனின் கிளட்ச் போய்க்கொண்டிருந்தது, ஏற்றத்தில் பெரியவர்களை வைத்துக்கொண்டு அவள் ஏறாத கோயில் சாமிக்கெல்லாம் ஜெபம் பண்ணியிருக்கிறாள். சாவியைக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எல்லோரும் மைதானத்துக்கு வந்தார்கள். மூன்றடிப் பீடத்தின் மேல் வேன் நின்றது. வெள்ளை வேன் பட்டாளப் பச்சையாகியிருந்தது. அன்று காலைதான் மேஸ்திரி சக்கரங்களைச் சுற்றி சிமெண்ட் அப்பியிருந்தார். உள்ளே இருந்த ஆக்சிஜன் சிலிண்டருக்குத் தங்க பெயிண்ட் அடித்திருந்தார்கள். பார்க்கப் பீரங்கிக் குண்டு மாதிரி இருக்கவேண்டுமாம். பக்கத்தில் ஃப்ளெக்ஸ். அதில் கமிட்டிக்காரர்கள் பதினாலு பேரும் கைகூப்பிச் சிரித்தார்கள். சைலஸ் கீழ் மூலையில், டைட்டஸின் போன் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தார்.

கட்சித் தலைவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து மைக்கைப் பிடித்தார். சைலஸ் எல்லையில் தனியாளாக எதிரிகளைச் சுட்டு வீழ்த்தினார் என்றார். அப்பா சுட்டதெல்லாம் பயிற்சி மைதானத்து அட்டைப் பலகையைத்தான் என்பது லவினாவுக்குத் தெரியும். அவர் குண்டடி பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர். அது ஏன் இவர்களுக்குப் போதவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஆம்புலன்ஸுக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த மாவீரனுக்கு என் சார்பில் ஓர் அறிவிப்பு" என்றார் தலைவர். லவினா நிமிர்ந்தாள். "இந்தப் பீடத்துக்கு இரவு பகலாக எரியும் ஹைமாஸ்ட் விளக்கு!"

கமிட்டி கைதட்டியது. டைட்டஸ் லவினாவின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அடுத்தது மௌன அஞ்சலி. சும்மா நின்றால் என்ன மரியாதை, நம்ம ஊர் மரியாதையாக இருக்கட்டும் என்று டைட்டஸ் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பழைய சுரங்கச் சங்கின் ஒலியை யாரிடமோ வாங்கி போனில் வைத்திருந்தார். அதை நாலு ஸ்பீக்கரிலும் போட்டார்.

டைட்டஸ் பதினெட்டு வயதில் பெங்களூர் ரயிலேறியவர். ஷிப்டு நேரத்தில் ஊதினால் அது வெறும் சங்கு, நேரம் தப்பி ஊதினால் கீழே பாறை சரிந்து ஆள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். இது அவருக்கு மறந்துபோயிருந்தது. முன்வரிசைப் பெரியவர்களுக்கு மறக்கவில்லை.

முதலில் சௌந்தரராஜனின் மனைவி கங்கம்மாதான் எழுந்தாள். "அய்யோ, சுரங்கத்துல எந்த லெவல்ல?" என்று கத்தினாள். அவ்வளவுதான். நாற்காலிகள் சரிந்தன. கைத்தடிக்காரர்கள் கைத்தடியை விட்டுவிட்டு ஓடினார்கள். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது என்பது காலுக்குத் தெரியவில்லை. எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கும் இடத்தில் பூட்டிக் கிடந்த ஷாஃப்ட் கேட்டில் போய் மோதி நின்றபோதுதான் மூளைக்கு எட்டியது. மேடையில் தலைவரும், கீழே பதினாலு கமிட்டிக்காரர்களும், காலி நாற்காலிகளும்தான் மிச்சம். "மக்கள் எழுச்சி" என்றார் தலைவர், எதற்கும் இருக்கட்டும் என்று.

சௌந்தரராஜன் கேட்டருகே விழுந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். போன் போட்டுக் கேட்டதில் ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். தலைவரின் டிரைவர் சாவியோடு பிரியாணி சாப்பிடப் போயிருந்தான்.

லவினா பீடத்தைப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். மேடை நல்ல கனமான பலகைகளால் ஆனது.

"பலகைய எடுங்க" என்றாள்.

"லவினா, தலைவரு மேல கீறாரு!" என்று டைட்டஸ் பதறினார்.

"எறங்கச் சொல்லுங்க அண்ணா. எங்க அப்பா வண்டியும் எறங்கணும்."

சுரங்கத்தில் முப்பது வருடம் மரம் முட்டுக் கொடுத்த கிழவர்களுக்கு யாரும் வேலை சொல்லித் தரவேண்டியதில்லை. "சாரே, கால கொஞ்சம் எடுங்க" என்று தலைவரின் காலடியிலிருந்தே பலகையை உருவினார்கள். பீடத்தில் சாய்த்து, அடியில் நாற்காலிகளை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். ஈரம் காயாத சிமெண்டைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். வேன் உருண்டு ஓடிவிடாமல் இருக்க ஷாமியானாக் கயிறு பின்பக்கம் கட்டப்பட்டது. கமிட்டி பதினாலு பேரும் கயிற்றைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கமிட்டி ஒன்றாகச் செய்த முதல் வேலை அதுதான்.

வேன் மாலையோடு இறங்கியது. சௌந்தரராஜனை உள்ளே படுக்கவைத்தார்கள்; சாவியை டைட்டஸே லவினாவிடம் நீட்டினார். தள்ளித்தான் ஸ்டார்ட் ஆனது. தள்ளியவர்களில் டைட்டஸும் ஒருவர். வெள்ளைச் சட்டை முழுக்கப் பட்டாளப் பச்சை அப்பியிருந்தது. "மன்னிச்சிடுமா" என்று ஜன்னலருகே ஆரம்பித்தார். நின்று கேட்க லவினாவுக்கு நேரமில்லை.

பின்னால் கங்கம்மா தங்க சிலிண்டரைத் திறந்து, புருஷனின் மூக்கில் மாஸ்க்கை வைத்துப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ராபர்ட்சன்பேட்டை தாண்டியபோது அவர் கண் திறந்தார். கை லவினாவின் சீட்டைத் தேடிப் பிடித்தது.

"சங்கு ஊதிச்சே... எத்தினி பேரு கீழ மாட்டிக்கினாங்க?"

லவினா கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்ல மாமா" என்றாள். "எல்லாரும் மேல வந்துட்டாங்க."

அவர் சரியென்று தலையசைத்து மூச்சை இழுத்தார்.