சமீனாவின் ஃபிரெண்டுகள்

புதுவாயலில் நாங்கள் படிக்கும் மாலை ஆங்கில வகுப்பில், எல்லோருக்கும் இன்டர்நெட்டில் ஆர்க்குட் கணக்கு தொடங்கித் தந்தது நான்தான். வேகமாக டைப் செய்வேன் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. பாஸ்வேர்டும் நானே வைத்தேன். ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும் என்று எல்லோரையும் எல்லோருக்கும் ஃபிரெண்டாகச் சேர்த்தேன். எங்கள் ஆலையில் ஸ்கிராப் என்றால் உருக்க வரும் பழைய இரும்பு. ஆர்க்குட்டில் அது ஒருவருக்கு எழுதும் இரண்டு வரி. ஃபிரெண்டும் அப்படித்தான், பட்டனை அழுத்தினால் சரி என்று நினைத்தேன்.

கூடப் படிக்கும் சமீனாவின் அண்ணன் சர்ஃபராஸ் பாய், அவள் ஃபிரெண்டுகளின் பட்டியலைப் பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டார். தன் செருப்புக் கடைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா குப்புராஜ், எந்தங்கச்சிக்கு இத்தினி ஆம்பள ஃபிரெண்டா? கிளாசே வேணாம், ஊட்ல இருக்கட்டும்."

"பாய், அது சும்மா கம்ப்யூட்டர்ல சொல்றது..."

"எங்க மாமா பாத்தா கம்ப்யூட்டர்னு உட்ருவாரா?"

சேர்த்தது நான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பதிலாக, சென்டருக்குப் போய் அவள் கணக்கைத் திறந்து ஆண்களை ஒவ்வொருவராக நீக்கினேன். கடைசியில் என்னையும். பாயிடம் காட்டினேன். "சரி, கிளாசுக்குப் போவட்டும்" என்றார். நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

நேற்று வகுப்பில், கூடப் படிக்கும் பென்னி அவளைச் சீண்டினான். "இன்னா சமீனா, எங்கள எல்லாம் கழட்டி உட்ட? நாங்க குளிச்சிட்டுதான வர்றோம்?"

அவளுக்குப் புரியவில்லை. நீக்கியது நான்தான் என்று சொன்னேன்.

"சேக்கறப்பவும் என்னக் கேக்கல, எடுக்கறப்பவும் கேக்கல. என் பேருதான அது?"

வகுப்பு முடிந்ததும் அவளே வந்தாள். "இவங்க என்கூடப் படிக்கிறவங்கன்னு அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன். சேத்தது நீன்னு மட்டும் வந்து சொல்லு, போதும்."

"எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றேன்.

ஷிப்ட் முடித்துத்தான் வகுப்புக்கு வருவேன் என்பது அவளுக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

இன்று அவள் வரவில்லை. திரும்பும்போது பாய் கடையிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார்.

"எதுத்துப் பேசுறா, கிளாஸ நிறுத்திட்டேன். வேற யாரோ சேத்துட்டாங்களாம். யாருன்னு கேட்டா வாயத் தொறக்கல. உன்ன மாதிரி ஒழுங்கா இருந்தா இன்னா? உக்காரு, டீ சொல்றேன்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். டீ வந்தது. குடித்தேன்.