பல்லி ஜாமீன் நின்ற வீடு

1968ஆம் ஆண்டு தை மாதம் பிள்ளையார்பாளையத்தில் தேவராஜன் வாத்தியாரின் வீடு ஏலத்துக்கு வந்தபோது, கேட்க வந்தவர்களிடம் உண்மையிலேயே பணம் இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலை கூடத்து உத்தரத்தில் குடியிருந்த பல்லியிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் ஒரு வக்கீலைத்தான் கேட்டார்கள். அவர் ஐம்பது ரூபாய் ஆகும் என்றார். பல்லி ஒன்றும் கேட்கவில்லை.

யாராவது பேசும்போது பல்லி கத்தினால் 'பார், சத்தியம்' என்று எல்லா ஊரிலும்தான் சொல்வார்கள். மற்ற ஊர்ப் பல்லிகள் பசித்தாலும் கத்தும், பக்கத்துப் பல்லியோடு சண்டை வந்தாலும் கத்தும். இந்தப் பல்லி உண்மைக்கு மட்டும்தான் கத்தியது. ஒரு பேச்சைச் சொல்லிவிட்டு அண்ணாந்து அதைப் பார்க்க வேண்டும். உண்மையென்றால் மூன்று முறை சொல்லும், பொய்யென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். வாத்தியார் இருபத்திரண்டு வருடம் இதைக் கவனித்து ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வைத்திருந்தார். ஐம்பத்தேழாம் வருடத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் அந்தக் கூடத்தில் நின்று முக்கால் மணி நேரம் வாக்குறுதி கொடுத்தார், பல்லி அசையவில்லை. புறப்படும்போது தொண்டை வறண்டுவிட்டது, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். பல்லி உடனே சொன்னது. வரதர் கோயிலில் ஜனங்கள் தொட்டுக் கும்பிடுகிற தங்கப் பல்லிக்கு இது ஏதோ உறவு என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. தங்கத்துக்கும் ரத்தத்துக்கும் எப்படி உறவு வரும் என்று வாத்தியார் கேட்பார். அவர் கணக்கு வாத்தியார்.

வாத்தியார் பின்கட்டில் இருந்தார். முன்கூடத்தில் 1949 முதல் நெசவாளி தணிகாசலமும் அவர் மனைவி காந்தாவும் வாடகைக்கு இருந்தார்கள். வாடகைக்கு வரும் நெசவாளி கூடத்துத் தரையில் தறிக்குக் குழி தோண்டிக்கொள்ளலாம், காலி செய்யும்போது மூடிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். தணிகாசலம் தோண்டிய குழி பத்தொன்பது வருடமாக மூடப்படாமல் இருந்தது. அவர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய, சேலையின் கரைக்குக் குறுக்கு நூல் கொண்டுபோகும் தனி நாடா ஓட்டுவதற்குக் காந்தா இடது பக்கம் உட்காருவார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் பிரியாமல் கோத்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும். பிள்ளைகள் இல்லை. சண்டை போட நேரமும் இல்லை.

1963இல் தணிகாசலத்துக்குக் கண் போனது. முதலில் வலது கண்ணில் பூ விழுந்தது, தீபாவளிக்குள் இடது கண்ணும் மூடிக்கொண்டது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அவர் நெய்தார். இழை அறுந்தால் விரலுக்குத் தெரிந்தது, நிறத்தைக் காந்தா சொன்னார். தறியிலிருந்து கிணறு பதினோரு தப்படி, கிணற்றிலிருந்து அடுப்படி ஆறு, நிலைப்படியில் இடது பக்கம் கைக்குத் தட்டுப்படும் ஒரு பொளி, பழைய வெட்டு. அந்த வீட்டுக்குள் அவர் தடுமாறியதை யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை ஐயம்பேட்டையில் காந்தாவின் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் நடுவில் வழி தெரியாமல் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருந்தார். கூப்பிடக் கூச்சம். காந்தா வந்துதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அதற்குப் பிறகு அவர் வெளியூர் போகவில்லை. பட்டும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்ளும் முதலாளி திருஞானசம்பந்தத்துக்கு இது தெரியாது, கடைக்குக் காந்தாதான் போய்வருவார். தெரிந்தால் வேலை போய்விடும் என்று தெருவே சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டது. பிள்ளையார்பாளையம் ஒரு ரகசியத்தை ஐந்து வருடம் காப்பாற்றியது அந்த ஒருமுறைதான்.

அந்த ஐந்து வருடத்தில் காந்தாவின் முடி நரைத்தது. வெள்ளிக்கிழமை அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தறியில் வந்து உட்காரும்போது தணிகாசலம் கேட்பார்: "முடி இன்னும் கறுப்பாத்தான் இருக்குதா?" காந்தா "கறுப்புதான்" என்பார். உத்தரத்திலிருந்து சத்தம் வராது. சத்தம் வராததை இருவரும் கேட்டார்கள்.

1966இல் வாத்தியார் காலமானார். ஒரே மகன் ஆதிகேசவன் சென்னையில் ரயில்வே ஆபீசில் இருந்தான். வீட்டை விற்றுவிட முடிவு செய்து மறு வருடம் ஆள் கூட்டினான். அரிசி மில் நமச்சிவாயம் பதினாலாயிரம் என்று வாயால் கேட்டு, மற்றவர்களை எல்லாம் விரட்டிவிட்டு, இதோ தருகிறேன் அதோ தருகிறேன் என்று எட்டு மாதம் இழுத்தார். கடைசியில் ஒரு பைசா பெயரவில்லை. ஆகவே இரண்டாவது தடவை ஆதிகேசவன் உஷாரானான். பணம் இருப்பதை நிரூபித்தால்தான் ஏலம் கேட்கலாம் என்று அறிவித்தான். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. பேங்க் புத்தகத்தைக் காட்டச் சொன்னால் வரிக்காரனுக்குத் தெரிந்துவிடும் என்றார்கள். நோட்டைக் கொண்டுவந்து அடுக்கச் சொன்னால் கண் பட்டுவிடும் என்றார்கள். அப்போதுதான் ஆதிகேசவனுக்கு அப்பாவின் நோட்டு ஞாபகம் வந்தது. ஆறாயிரத்துக்குக் குறையாமல் கேட்க வேண்டும், கேட்பவர் உத்தரத்தடியில் நின்று தன்னிடம் உள்ள சொந்தப் பணத்தைச் சொல்ல வேண்டும், பல்லி சொன்னதே முடிவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாசலில் ஒட்டினான்.

தாளைத் தெருக்காரர் ஒருவர் படித்துச் சொன்னபோது காந்தா கணக்குப் பார்த்தார். சீட்டுப் பணம், தாலியைத் தவிர மற்ற நகை விற்ற பணம், தீபாவளிப் போனஸ், தகர டப்பாவில் இருந்தது எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து நாற்பது வந்தது. தணிகாசலத்திடம் சொன்னார். அவர் நாடாவை நிறுத்தி, குழியின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். இந்த வீடு போனால் தனக்கு இரண்டாவது தடவை கண் போகும் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காந்தாவை இன்னும் கலங்க வைக்க அவருக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. தறி மேல் துணியைப் போர்த்தி, அதைச் சுற்றி ஜனங்கள் நின்றார்கள். கேட்க வந்தவர்கள் மூன்று பேர். போன தடவை நடந்ததற்கு வெட்கப்படாமல் நமச்சிவாயம் மறுபடியும் வந்திருந்தார். உத்தரத்தடியில் நின்று பதினாலாயிரம் என்றார். பல்லி சுவரைப் பார்த்தது. பன்னிரண்டு என்றார். பத்து, எட்டு, ஐந்து என்று இறங்கி, எண்ணூற்று முப்பது ரூபாயில்தான் பல்லி வாயைத் திறந்தது. நமச்சிவாயம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மில்லில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனார். அதற்கும் பல்லி சொல்லவில்லை. அடுத்து திருஞானசம்பந்தம் வந்தார். வீட்டை இடித்துப் பட்டு நூல் வைக்கக் கிடங்கு கட்டுவது அவர் எண்ணம். பன்னிரண்டாயிரம் என்றார். அவர் வாய் மூடுவதற்குள் பல்லி சொல்லிவிட்டது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

மூன்றாவதாகக் காந்தா வந்ததைப் பார்த்து முதலாளிக்கே ஆச்சரியம். காந்தா ஆறாயிரம் என்றார். பல்லி பேசவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னார். பல்லி பேசவில்லை. மூன்று முறை எண்ணிப் பார்த்த பணம் அது. ஐயாயிரத்து ஐந்நூறு என்றார், இல்லை. ஐயாயிரத்து இருநூறு என்றபோது பல்லி சொன்னது. கையை விரித்துக்கொண்டு நின்ற காந்தாவுக்கு அப்போதுதான் தகர டப்பா ஞாபகம் வந்தது. நெசவுக்குக் கொடுக்கும் ஜரிகையில் கழிவு போகும் என்று முதலாளிகள் எடையில் கொஞ்சம் கூடவே கொடுப்பார்கள். தணிகாசலத்தின் கையில் கழிவு விழாது. விழாத கழிவைக் காந்தா தங்கள் கூலியோடு சேர்ந்தது என்று நினைத்துப் பத்து வருடம் டப்பாவில் சேர்த்து, பழைய ஜரிகைக்காரனிடம் எண்ணூற்று நாற்பதுக்குப் போட்டிருந்தார். அவர் அதைத் திருட்டு என்று நினைத்ததே இல்லை.

"மொதலாளி, அது உங்க ஜரிகை," என்றார் காந்தா. "கழிவுல மீந்தது. எங்களுதுன்னு நெனச்சிக்கினு வித்துட்டேன்."

திருஞானசம்பந்தம் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். "எனுக்கு எடை சரியா வந்துச்சு. கழிவுன்னு குடுத்தது குடுத்ததுதான். அது உங்குளுதுமா," என்றார். பல்லி சொன்னது. காந்தா மறுபடி ஆறாயிரம் என்றார். அதற்கும் சொன்னது.

ஆனால் பன்னிரண்டாயிரத்துக்கு முன்னால் ஆறாயிரம் எம்மாத்திரம். முதலாளி வருத்தத்தோடுதான் கேட்டார். "இந்த வீடு எதுக்குமா உங்குளுக்கு? வேற வீட்ல குழி தோண்டிக்கினா போச்சு. நானே பாத்துத் தரேன்."

காந்தா கணவனைப் பார்த்தார். தணிகாசலம் தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குரல் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளி முகத்தைத் திருப்பி நின்றார். "மொதலாளி, அஞ்சு வருசமா எனுக்குக் கண்ணு தெரியாது," என்றார். பல்லி சொன்னது. தெருக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். "இந்த வீட்டுக்குள்ள மட்டும் எனுக்குக் கண்ணு தெரியும். வேற எங்கயும் தெரியாது." காந்தா பயத்தோடு அண்ணாந்து பார்த்தார். பல்லி அதற்கும் மூன்று முறை சொன்னது.

திருஞானசம்பந்தம் தறி மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். ஐந்து வருடமாகத் தன் கடையில் முதலில் விலைபோன சேலைகள் எவை என்று அவர் மனசுக்குள் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆதிகேசவன் ஏலத்தை ஆரம்பித்தான். காந்தா ஆறாயிரம் கேட்டார். ஒரு தரம் என்றான், ரெண்டு தரம் என்றான். மூன்றாவது தரத்துக்கு முன்னால் முதலாளியைப் பார்த்து, மேலே கேட்கிறீர்களா என்றான்.

"எங்கிட்ட ஏதுப்பா பணம்?" என்றார் அவர். "ஒரு ரூவா கூட இல்ல."

இருபத்திரண்டு வருட நோட்டில் இல்லாத ஒன்று அப்போது நடந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பல்லி முதலாளியைப் பார்த்தது, தணிகாசலத்தைப் பார்த்தது, வாலை ஒருமுறை அசைத்தது. பிறகு மூன்று முறை தெளிவாகச் சொன்னது.

"இப்பதானே பன்னண்டாயிரம்னீங்க, அதுக்கும் சொல்லிச்சே," என்றான் ஆதிகேசவன்.

"அப்போ இருந்துச்சு. இப்போ இல்ல," என்றார் திருஞானசம்பந்தம். பல்லி அதற்கும் சொன்னது. பல்லி சொன்னதே முடிவு என்று எழுதி ஒட்டியவன் ஆதிகேசவன்தான். அவன் மூணு தரம் என்றான். வீடு ஆறாயிரத்துக்கு முடிந்தது.

பல்லி அன்று பொய் சொன்னது என்று சிலர் சொல்வதுண்டு. அது தப்பு. முதலாளி வீட்டுக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்தபோது பன்னிரண்டாயிரமும் இல்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது, சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் போலீசுக்குப் போகவில்லை, மனைவி மரகதவல்லியிடம் மட்டும் சொல்லிச் சிரித்தார். மூன்று நாள் மளிகைக்குக் கடன் சொன்னார்கள். வியாழக்கிழமை காலையில் பணம் முழுவதும் இருந்த இடத்தில் இருந்தது, அதன்மேல் இரண்டு பல்லி முட்டை. முட்டை பொரிகிற வரைக்கும் அவர் அந்தப் பணத்தைத் தொடவில்லை. தணிகாசலத்துக்குக் கொடுத்துவந்த பட்டு நூலையும் நிறுத்தவில்லை. ஜரிகையை மட்டும் கொஞ்சம் கூடவே எடைபோட்டார்.

மாசி மாதம் பத்திரம் பதிவாயிற்று. பதிவு ஆபீசிலிருந்து காந்தா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர, தணிகாசலம் வாசல்படியைத் தாண்டி உள்ளே காலை வைத்தார். கூடம் தெரிந்தது. தறி தெரிந்தது, குழி தெரிந்தது, தறியில் ஓடிக்கொண்டிருந்த அரக்கு நிறம் தெரிந்தது. சந்தேகத்துக்கு ஒரு கால் பின்னால் வைத்து வாசலுக்குப் போனார், இருட்டு. உள்ளே வந்தார், வெளிச்சம். பிற்பாடு எழுபத்திரண்டில் சென்னையிலிருந்து ஒரு கண் டாக்டர் வந்து, அவரை வாசலுக்கு வெளியிலும் உள்ளேயுமாக ஒன்பது முறை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே இருங்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பீஸ் வாங்கவில்லை.

அந்த முதல் நாள், அவருக்குத் தெரிகிறது என்று புரிந்ததும் காந்தா முந்தானையை இழுத்துத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டார். எத்தனையோ வெள்ளிக்கிழமை சொன்ன பொய் அந்த முந்தானைக்குள் இருந்தது. தணிகாசலம் கிட்டே வந்து அதை மெதுவாக விலக்கினார். காந்தா கண்ணை மூடிக்கொண்டார். அவர் நெற்றியிலிருந்து பின்னல் நுனி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"கறுப்பாத்தான் இருக்குது," என்றார்.

உத்தரத்திலிருந்து பல்லி மூன்று முறை சொன்னது.

காந்தா அழுதார். பிறகு இருவரும் தறியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து நெய்தார்கள். அன்றிலிருந்து காந்தாவின் முடி அந்த வீட்டுக்குள் இருக்கும்போது கறுப்பாகவும், தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வந்தால் நரையாகவும் இருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் முதல் வாரம் பார்த்தார்கள். பிறகு அவரவர் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள்.